ஏழாம் மாடிக்கு ஒரு குளியலறை

விற்பனை விளம்பரத்தின் முதல் வரியிலேயே "போருக்கு முந்தைய கட்டடம்" என்று இருந்தது. மன்ஹாட்டனில் அது போதும். எந்தப் போர், யார் ஜெயித்தார்கள் என்று எவரும் கேட்க மாட்டார்கள். சுவர் தடிமனா, கூரை உயரமா என்றுதான் பார்ப்பார்கள். அடுத்த வரி, "பல்கலைக்கழகத்துக்குக் கூப்பிடு தூரம்." அதற்கடுத்து, "முழுக்கப் புதுப்பிக்கப்பட்டது." மூன்றுமே உண்மை. ஆல்டன்ஹாம் என்ற அந்தக் கட்டடத்தில் வீட்டை விற்பது விற்கிறவர் கையிலும் இல்லை, வாங்குகிறவர் கையிலும் இல்லை என்ற நாலாவது உண்மையை மட்டும் போடவில்லை.

அங்கே யாருக்கும் வீடு என்று ஒன்று சொந்தமில்லை. கட்டடமே ஒரு கம்பெனி. அதில் பங்கு வாங்கினால் குடியிருக்கலாம். யாருக்குப் பங்கு கொடுப்பது என்பதை நிர்வாகக் குழு நேர்காணல் வைத்து முடிவு செய்யும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் குழுவுக்கு இல்லை.

விற்க நின்றவர் சீமோர் பிளாட்கின். நகரச் சுரங்க ரயிலில் கால அட்டவணை போட்டே ஓய்வு பெற்றவர். ஒரு வண்டி தாமதமானால் ஏன் என்று காரணம் எழுத வேண்டும் என்பதை வேதமாக நம்பி வாழ்ந்துவிட்டார். அப்படிப்பட்ட மனிதரை ஆல்டன்ஹாமின் குழுவிடம் மாட்டிவிட்டது விதியின் குரூரம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர் ஆசையாக விற்கவில்லை. வீட்டில் படுக்கையறை ஒரு கோடியில், குளியலறை மறு கோடியில், நடுவே நீளமான வராந்தா. கட்டினவர்களுக்கு அது கம்பீரம். மனைவி பெர்லுக்கு இடுப்பு எலும்பு தேய ஆரம்பித்தபோது அது தண்டனையாகிவிட்டது. படுக்கையறையை ஒட்டித் துணி மாற்றும் சின்ன அறை ஒன்று சும்மா கிடந்தது. அதைக் குளியலறையாக மாற்றிவிடலாம் என்று சீமோர் கட்டட வரைஞர் ஒருவரைப் பிடித்து வரைபடம் போட்டார். சுவரில் பதிக்கும் ஓட்டின் நிறத்தைப் பெர்ல்தான் சொன்னாள்: பழைய ஸ்டேஷன் சுவர்களில் இருக்குமே, அந்தப் பாட்டில் பச்சை. "நீ தினமும் அதுக்கு நடுவுலேருந்துதானே வீட்டுக்கு வந்தே. கிழவியானப்புறம் நானும் கொஞ்சம் பார்க்கறேன்," என்றாள்.

வரைபடம் குழுவுக்குப் போனது. குழுத் தலைவர் பேராசிரியர் பிரெஸ்காட் ஹெய்ல், சீமோருக்கு நேர் கீழே ஆறாம் மாடியில் குடியிருந்தார். அறவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர்; அந்நியரை வரவேற்கும் கடமை பற்றி மூன்று பாகங்களில் புத்தகம் எழுதியவர். செயலாளர் திருமதி ஃபிஸ்க் பழங்கால இசை கற்பித்தவர். இன்னும் மூன்று பேர் குழுவில் உண்டு. அவர்கள் தலையாட்டுவார்கள்.

"நண்பரே," என்றார் ஹெய்ல், "உங்க மனைவியோட கஷ்டம் எனக்குப் புரியுது. அதை நினைச்சு நேத்து எனக்குச் சாப்பாடே இறங்கல. ஆனா ஈரத்துக்குக் கீழே ஈரம்தான் இருக்கணும், உலர்ந்ததுக்குக் கீழே உலர்ந்ததுதான் இருக்கணும். உங்க மாடியில நீங்க குளியலறை வைக்கிற எடத்துக்குக் கீழ என்னோட நூலகம் இருக்கு. இந்த ஊர்ல எந்தக் கட்டடத்துல கேட்டாலும் இதைத்தான் சொல்வாங்க. இந்த விதி போச்சுன்னா நமக்கும் குகையில இருந்தவனுக்கும் என்ன வித்தியாசம்?"

"ஒரு சொட்டு கசியாது புரொஃபசர். தரைக்கு அடியில தகடு வைக்கப் போறோம். வேணும்னா ரெண்டு தகடு."

"கசியறது ஒரு பிரச்னையே இல்ல. நான் நாற்காலியில சாஞ்சு மேல பார்ப்பேன். அங்க ஒரு கழிவறை இருக்குன்னு எனக்குத் தெரியும். அந்த அறிவை வச்சுக்கிட்டு நான் எப்படி வாசிக்கிறது?"

திருமதி ஃபிஸ்க் இரக்கத்தோடு குறுக்கிட்டாள். "ஒரு பானை வச்சுக்கலாமே? அந்தக் காலத்துல மகாராணிங்களே அப்படித்தான் இருந்தாங்க. பெர்லுக்கு அது பொருத்தமாக்கூட இருக்கும்."

மூன்று பேரும் தலையாட்டினார்கள். அந்தக் குளிர்காலத்திலேயே பெர்ல் வராந்தாவின் பாதித் தூரத்தில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

அந்த இல்லத்தில் கணவன் மனைவி சேர்ந்திருக்க ஒரே ஒரு அறை காலியாக இருந்தது. ஆற்றைப் பார்த்த ஜன்னல், கட்டிலிலிருந்து இரண்டெட்டில் குளியலறை. கோடை முடியும் வரை வைத்திருக்கிறேன் என்று நிர்வாகி அம்மாள் சொல்லியிருந்தாள். வீட்டை விற்றால்தான் சீமோரால் அங்கே போக முடியும். அவருக்கு வேண்டியதெல்லாம் அந்த அறை ஒன்றுதான்.

தரகர் டார்லா வந்து வீட்டை ஒரு பார்வை பார்த்தாள். சீமோரையும் அதே பார்வை பார்த்தாள். "இதெல்லாம் போகணும்," என்றாள். பெர்லின் அலமாரி போயிற்று, புத்தகங்கள் போயின, சமையலறைச் சுவரில் அவள் கரியால் கிறுக்கிய சூப் செய்முறை போயிற்று. எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளைச் சாயம். மேசை மேல் ஒரு கிண்ணம் நிறைய பிளாஸ்டிக் எலுமிச்சை.

"இங்க யாரும் வாழ்ந்த மாதிரியே தெரியக் கூடாது சீமோர். யாரும் செத்த மாதிரியும் தெரியக் கூடாது."

"யாரும் சாகலையே."

"அதையும் நீங்களா எடுத்துச் சொல்லாதீங்க."

ஆட்கள் வந்தார்கள். வீட்டைப் பார்த்து மயங்கினார்கள். நேர்காணலுக்குப் போனார்கள்.

நேர்காணல் நடப்பது கீழ்த்தள வரவேற்பறையில், கட்டின நாளிலிருந்து ஒருநாளும் நெருப்பு மூட்டாத ஒரு கணப்படுப்பின் முன்னால். விற்கிறவர் அங்கே இருந்து காபி ஊற்ற வேண்டும், பிஸ்கட் வைக்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது. இது ஆல்டன்ஹாமின் தனி வழக்கம். உதிராத பிஸ்கட்டாக இருக்க வேண்டும் என்றும் விதி உண்டு.

முதலில் வந்தவர்கள் இளம் மருத்துவத் தம்பதி. கையில் குழந்தை. குழு அவர்களுடைய வருமானம், வங்கிக் கணக்கு, பல் சிகிச்சை வரை ஏற்கெனவே படித்து முடித்திருந்தது.

"குழந்தை அழுமா?" என்று கேட்டாள் திருமதி ஃபிஸ்க்.

"குழந்தைதானேங்க, அழும்," என்று சிரித்தாள் அந்தப் பெண்.

"எந்த சுருதியில?"

தம்பதி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சரி, இந்த அழுகையை எப்ப நிறுத்தறதா உத்தேசம்? தோராயமாச் சொன்னாப் போதும்."

மறுநாள் குழு வருந்தி மறுத்தது.

அடுத்தவர் மனைவியை இழந்த ஒரு பள்ளி ஆசிரியர். அவருக்கு உறவென்று மிஞ்சியது ஒரு கிழட்டு நாய். நாய்க்குத் தனி நேர்காணல். தெரியாத ஆட்களோடு லிப்டில் மேலும் கீழும் அனுப்பிப் பார்த்தார்கள். திருமதி ஃபிஸ்க் அதன் வாலை மிதித்துப் பார்த்தாள். நாய் அவள் கையை நக்கியது. உரிமையாளர் பெருமையில் கண் கலங்கினார்.

"நாயோட நடத்தையில குழுவுக்குப் பூரண திருப்தி," என்றார் ஹெய்ல் எழுந்து நின்று. "நாய் எப்ப வேணும்னாலும் குடி வரலாம். உங்க விஷயத்துலதான் குழுவால ஒரு முடிவுக்கு வர முடியல."

ஆசிரியர் நாயைத் தூக்கிக்கொண்டு போனார். சீமோர் ஊற்றிய காபி பாதி தட்டில் விழுந்தது. அது குறிப்பில் எழுதப்பட்டது.

மூன்றாவதாக வந்தவள்தான் சீமோருக்கு நம்பிக்கை தந்தவள். தெற்கே ஒரு கல்லூரியிலிருந்து வேலை மாற்றி வந்த பேராசிரியை, பெயர் இமோஜீன் பேட்டர்சன். ஹெய்லின் மூன்று பாகங்களையும் உண்மையாகவே படித்திருந்தாள். அந்தப் பேட்டையில் அப்படி ஒருத்தி இருப்பாள் என்று ஹெய்லே எதிர்பார்த்திருக்க மாட்டார்.

"ரெண்டாம் பாகத்துல எழுதியிருக்கீங்க," என்றாள், "வாசல்ல வந்து நிக்கிறவன்கிட்ட பேரைக்கூடக் கேக்கக் கூடாதுன்னு. அதைப் படிச்சு நான் அழுதிருக்கேன் சார். ஆனா இங்க என் பல்லு எக்ஸ்ரே வரைக்கும் கேட்டு வாங்கிட்டீங்களே?"

ஹெய்ல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல கேள்வி. பல பேர் இங்கதான் குழம்பறாங்க. வரவேற்கறதுங்கறது ஒரு மனநிலை. உள்ளத்தோட விரிவு. அதுக்கும் ஒருத்தர் உள்ள வர்றதுக்கும் சம்பந்தமே இல்ல. சொல்லப் போனா, யாருமே உள்ள வராதப்போதான் அந்த விரிவு சுத்தமா இருக்கு."

அவளை மறுநாள் வரைகூடக் காக்க வைக்கவில்லை. கோட்டைப் போட்டுக்கொள்வதற்குள் முடிவு வந்துவிட்டது.

"ஏன்?" என்றார் சீமோர், காபிக் கெண்டியோடு.

அறை திகைத்துப் போனது. "விற்கிறவர் பேசிட்டார்," என்றாள் திருமதி ஃபிஸ்க், பேனாவை எடுத்தபடி.

"எழுதிக்கோங்கம்மா. அந்தம்மாக்கிட்ட என்ன கொறை? ஒரு வண்டி லேட்டானாக்கூட நாங்க காரணம் சொல்வோம். பனி, பழுது, எவனாவது தண்டவாளத்துல விழுந்துட்டான், ஏதோ ஒண்ணு! என் பொண்டாட்டி அங்க தனியாக் கெடக்கறா. கோடை முடிஞ்சா ரூம் போயிடும். காரணத்தைச் சொல்லுங்க!"

ஹெய்ல் அவர் தோளில் கை வைத்தார். "நண்பரே, காரணத்தைச் சொன்னா அடுத்த ஆள் அதைச் சரி பண்ணிக்கிட்டு வந்துடுவான். அப்புறம் குழுன்னு ஒண்ணு எதுக்கு?"

இந்த இடத்தில் ஒரு பழைய சங்கதியைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பேட்டை சீந்துவாரற்றுக் கிடந்த காலத்தில், குடியிருந்தவர்களே சேர்ந்து கட்டடத்தை வாங்கினார்கள். முதல் குழுக் கூட்டம் பெர்லின் சாப்பாட்டு மேசையில் நடந்தது. அன்று இரண்டு சூட்கேசோடு வந்து கதவைத் தட்டிய இளம் விரிவுரையாளன்தான் பிரெஸ்காட் ஹெய்ல். வேலையும் நிரந்தரமில்லை, கையிலும் காசில்லை. வேண்டாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பெர்ல் அவனை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பையன் பசியோட நிக்கிறான். சேர்த்துக்குங்க, மத்ததை அப்புறம் பேசலாம்," என்று சொல்லி நூடுல் குகெல் என்ற யூதப் பலகாரத்தில் ஒரு துண்டு வெட்டி வைத்தாள். அவன் மூன்று துண்டு தின்றான். நேர்காணல் அவ்வளவுதான்.

பெர்ல் தினமும் தொலைபேசியில் வந்தாள்.

"இன்னைக்கு ஒரு ஜோடி வந்து நம்ம ரூமைப் பார்த்துச்சு சீமோர். நான் பக்கத்து ரூம்லேருந்து நல்லா இருமினேன். காசநோய்க்காரி மாதிரி. பயந்து ஓடிட்டாங்க."

"நல்லாச் செஞ்சே."

"எத்தனை நாளைக்கு இருமறது? தொண்டை வலிக்குது. சீக்கிரம் வந்து சேரு."

ஆனால் ஆல்டன்ஹாமில் யாரையும் சேர்ப்பதில்லை என்ற பேச்சு ஊரில் பரவிவிட்டது. பார்க்க வருகிறவர்கள் நின்றார்கள். விலை இறங்கியது. டார்லா தன் பிளாஸ்டிக் எலுமிச்சைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு ஒருநாள் ஹெய்ல் மாடியேறி வந்தார். "உங்க முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கல நண்பரே," என்றார். "யாருமே வாங்க மாட்டேங்கறாங்க. ஏன்னே புரியல. நானே எடுத்துக்கறேன். உங்க பாரத்தை நான் சுமக்கறேன்." அவர் சுமக்கத் தயாராக இருந்த விலை, முதலில் கேட்டதில் பாதி.

சீமோர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மரங்களில் இலை மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. "சரி," என்றார்.

"ஆனா ஒண்ணு. எனக்கும் நேர்காணல் உண்டு. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். அதுல நான் ரொம்பக் கண்டிப்பு," என்றார் ஹெய்ல்.

நேர்காணல் நடந்தது. ஹெய்ல் முறைப்படி வெளியே போய், கதவைத் தட்டி, உள்ளே வந்தார். தலைவர் நாற்காலி காலியாக இருந்தால் கூட்டம் செல்லாது என்று திருமதி ஃபிஸ்க் நினைவூட்டினாள். எனவே கேள்வி கேட்கும்போது தலைவர் நாற்காலியிலும், பதில் சொல்லும்போது எதிர் நாற்காலியிலும் உட்காருவது என்று தீர்மானமாயிற்று.

"இந்தக் கட்டடத்துக்கு வரணும்னு ஏன் ஆசைப்படறீங்க?" என்று தலைவராகக் கேட்டார். எழுந்து, மேசையைச் சுற்றி ஓடி, எதிரே உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "இங்க இருக்கறவங்களோட பண்புக்காக." திரும்ப ஓடினார். தலைவர் நாற்காலியில் அமர்ந்து அந்தப் பதிலைக் கொஞ்ச நேரம் யோசித்தார். "ரொம்ப நல்லாச் சொன்னீங்க."

"சத்தம் போடுவீங்களா?" என்று கேட்டாள் திருமதி ஃபிஸ்க்.

"கீழ் வீட்டுக்காரருக்குத் தொந்தரவு தர மாட்டேன். அவர் மேல எனக்கு ரொம்ப மரியாதை."

திருமதி ஃபிஸ்க் கைதட்டினாள். மூன்று பேரும் தலையாட்டினார்கள். தன் விஷயத்தில் தானே வாக்களிப்பது அறமல்ல என்று ஹெய்ல் விலகிக்கொண்டார். முடிவு ஒருமனதாக இருந்தால்தான் அழகு என்று ஃபிஸ்க் சொன்னதும் மனமில்லாமல் வாக்களித்தார். "சீமோர், சர்க்கரை ரெண்டு," என்று கோப்பையை நீட்டினார். சீமோர் போட்டார்.

பத்திரம் முடிந்து சீமோர் இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆற்றைப் பார்த்த அறையில் வேறொரு ஜோடி இருந்தது. காது கேட்காத ஜோடி. பெர்லின் இருமல் அவர்களிடம் எடுபடவில்லை. நிர்வாகி அம்மாள் மன்னிப்புக் கேட்டு, காரணத்தையும் சொன்னாள்: கோடை முடிந்துவிட்டது. சீமோருக்குத் தனி அறை கொடுத்தார்கள். வராந்தாவின் ஒரு கோடியில் அவர், மறு கோடியில் பெர்ல், குளியலறை நடுவில்.

"யாரு வாங்கினது?" என்று கேட்டாள் பெர்ல்.

"ஹெய்ல்."

"அந்தப் பையனா?" கொஞ்சம் யோசித்தாள். "வாசல்ல இருந்த மெசூசாவைக் கழட்டிட்டு வந்தியா?"

யூதர்கள் வாசல் நிலையில் திருகாணி போட்டு மாட்டும் சின்னக் குழல் அது. உள்ளே வேத வரிகள் எழுதிய சுருள் இருக்கும். பெர்லின் அப்பா கொடுத்தது. டார்லா அதன் மேலேயும் வெள்ளையடித்துவிட்டதில் சீமோருக்கு அது இருந்ததே மறந்துபோயிருந்தது.

திருப்புளியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறி, பேருந்து மாறி, ஆல்டன்ஹாமுக்குப் போனார். ஏழாம் மாடிக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே சுத்தியல் சத்தம். மெசூசா நிலையில் அப்படியே இருந்தது. அவர் சாயத்தைச் சுரண்டித் திருகாணியைத் தேடிக்கொண்டிருந்தபோது ஹெய்லின் குரல் கேட்டது.

"அட, நண்பரே! வாங்க வாங்க. ஒண்ணு காட்டணும்."

துணி மாற்றும் சின்ன அறை இருந்த இடத்தில் குளியலறை இருந்தது. சுவரில் கைப்பிடி. உட்கார்ந்து குளிக்க மேடை. தரையிலிருந்து தோளுயரம் வரை பாட்டில் பச்சை ஓடு.

"முட்டி மடங்க மாட்டேங்குது," என்றார் ஹெய்ல். "அந்த வராந்தா இருக்கே, மனுஷன் நடக்கற தூரமா அது? எப்படித்தான் இத்தனை வருஷம் ஓட்டினீங்க?"

சீமோர் தரையைக் காட்டினார். "கீழ உங்க நூலகம். ஈரத்துக்குக் கீழ..."

"கீழயும் நான்தானே! என் ஈரம், என் உலர்ந்தது. ரெண்டும் ஒருத்தருக்கே சொந்தம்னா தடையில்லன்னு விதியிலேயே இருக்கு. எந்தக் கட்டடத்துல வேணும்னாலும் கேளுங்க."

"நாற்காலியில சாஞ்சு மேல பார்த்தா, கழிவறை இருக்கறது உங்களுக்குத் தெரியுமே?"

"தெரியும். ஆனா அது என்னோடதுன்னும் தெரியும் பாருங்க. அதுல ஒரு நிம்மதி." ஓடுகளை அன்பாகத் தடவினார். "வரைபடம் உங்களோடதுதான். குழு அலமாரியில கிடந்துச்சு. நிறம் முதற்கொண்டு எல்லாம் குறிச்சிருந்தீங்க. நல்ல வேலைப்பாடு, வீணாப் போகலாமா?"

வயசான மனிதர், நீண்ட பயணம். சீமோருக்கு அவசரமாகப் போக வேண்டியிருந்தது. கூசிக்கொண்டே கேட்டார்.

"தாராளமா!" என்றார் ஹெய்ல். பச்சைக் குளியலறையின் கதவை மெல்லச் சாத்தினார். "வராந்தாக் கடைசியில பழையது இருக்கே. உங்களுக்குத்தான் வழி தெரியுமே."

சீமோர் அந்த வராந்தாவில் நடந்தார். பெர்ல் விழுந்த இடத்தை மிதிக்காமல் சுவரோரம் ஒதுங்கிப் போனார், ஒதுங்கித் திரும்பினார். நிலையிலிருந்து மெசூசாவை நெம்பி எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். கதவோரம் கொஞ்சம் சாயம் உதிர்ந்தது.

சாயங்காலம் அதைப் பெர்லின் கையில் வைத்தபோது அவள் அதைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன மூஞ்சி இப்படி இருக்கு? கட்டிட்டானா?"

"எதை?"

"என்கிட்ட நடிக்காதே சீமோர். உனக்கு வராது."

"கட்டிட்டான்."

"எங்க?"

"நாம கேட்ட எடத்துல."

பெர்ல் மெசூசாவின் மேல் ஒட்டியிருந்த வெள்ளைச் சாயத்தை நகத்தால் சுரண்டினாள். "ஓடு?"

"பச்சை."

"நான் சொன்ன பச்சையா?"

"அதே பச்சை."

"எப்படி இருக்கு?"

பொய் சொல்லலாமா என்று சீமோர் யோசித்தார். அவருக்குத்தான் அது வராதே. "அழகா இருக்கு பெர்ல். ரொம்ப அழகா இருக்கு."

"நான்தான் அப்பவே சொன்னேனே," என்றாள் பெர்ல். சாயத்தைச் சுரண்டி முடித்துவிட்டுக் கையை நீட்டினாள். "எழுப்பி விடு. எனக்குப் போகணும்."

அவர் அவளைத் தாங்கி எழுப்பினார். இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடக்கத் தொடங்கினார்கள்.